நாயோடு நடைபோகிறீர்களா?

பாலக்காட்டின் எலப்புள்ளி, வாளையார் பக்கம் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க நினைத்தால், காட்டை விட்டுவிடுங்கள். சைலண்ட் வேலி, பரம்பிக்குளம் போன்ற இடங்களில் வளர்ப்பு நாய்க்கு அனுமதியில்லை, அதுதான் சரி. யானையைப் பார்த்துக் குரைக்கும் நாய், மிரண்டதும் ஓடிவருவது உங்களிடம்தான். பின்னாலேயே யானையும் வரும். தோணி மலையடிவார ஊர்களைக் கலங்கடித்த பி.டி.7 யானையை வனத்துறை பிடித்தது 2023 ஜனவரியில்தான். அடிவாரத்திலும் கயிறு கையைவிட்டுப் போகக் கூடாது.

வயல் வரப்பும் பனையோரப் பாதையுமே நாய்க்குப் போதும். ஆனால் பாலக்காட்டுக் கோடை 40 டிகிரியைத் தொடும். காலை எட்டுக்குள் வீடு திரும்புங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால், நாயின் பாதமும் தாங்காது. மூச்சு இரைத்து, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடுகிறதா? உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிறகு கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நடக்கவிடாமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நடை முடிந்து வீடு வந்ததும் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி நாள் தவறவே கூடாது.