ஆப்பிள் நாற்றங்காலுக்கு மக்கிய எரு

சிம்லா மலையில் கோட்கர் பக்கத்துத் தானேதார் என்னும் ஊரில் ஸாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ஆம் வருஷத்தில் தம் தேசத்திலிருந்து வரவழைத்த ‘ரெட் டெலிஷஸ்’ கன்றுகளை நட்டார். அதன் பின்னர் அம்மலைகளில் தானியம் விளைந்த நிலங்கள் பல ஆப்பிள் தோட்டங்களாயின. கன்று வளர்த்து விற்பதும் ஒரு தனித் தொழிலாயிற்று.

பனிக்காலத்தில் மண்ணை உதிர்த்து வெறும் வேருடன் விற்கப்படும் கன்றில், வாங்குபவர் கண் முதலிற் செல்வது அதன் உயரத்தின் மேல். வேர் அழுகல் நோயோ வெளிப்பார்வைக்கு எளிதிற் புலப்படாமலே கன்றோடு தோட்டத்துக்குப் போய்ச் சேரும். விதை வேரின்மீது ஒட்டிய மரம் நன்றாய்க் காய்க்க உத்தேசம் 6 முதல் 8 வருஷம் ஆகுமாதலால், கெட்ட கன்றை வாங்கியவர் பணத்தோடு காலத்தையும் இழக்கிறார். இக்கேட்டிற்கு ஒரு காரணம் பச்சைச் சாணம்.

காட்டு ஆப்பிள் விதையை ஈர மணலில் இரண்டு மூன்று மாதம் குளிரில் வைத்திருந்து, குளிர் தணியும் சமயத்தில் பாத்தியில் இடுவர். மறு வருஷம் அந்நாற்றின்மேல் ஒட்டுக் கட்டி, அடுத்த பனிக்காலத்தில் பிடுங்கி விற்பர். ஆகவே இளவேர் இரண்டு கோடைகாலம் ஒரே பாத்தி மண்ணில் வாழவேண்டியிருக்கிறது. அம்மண்ணில் மக்காத சாணம் கிடந்தால் அதன் காரம் மெல்லிய வேர்களைச் சுடும். வேரைத் தின்னும் வெண்புழுவின் தாய் வண்டுகள் அதை நாடி வந்து முட்டையிடும். வெள்ளை வேரழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சணம், பாதி மக்கிய சுள்ளிகளிலும் வேர்த் துண்டுகளிலும் தங்கிப் பெருகும். நீர் தேங்கும் பாத்தியில் இது பின்னும் கொடிது.

மலைக் குடியானவர்கள் தொழுவத்தில் ஓக் சருகையும் பைன் ஊசியிலையையும் பரப்பி, அவை சாணத்திலும் கோமூத்திரத்திலும் ஊறியபின் வாரிக் குவிப்பது வழக்கம். வழக்கம் நல்லதே; குறை என்னவெனில், குவித்ததைக் கிளறுவாரில்லை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து வகுத்த முறையில், தழை, சாணம், கோமூத்திரம் தோய்ந்த மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரம் குறையாமல் காத்து, சில தடவை புரட்டிப் போடுவார்கள். குவியலின் உட்சூடு 55 பாகைக்கு மேல் ஏறிச் சில நாள் நிற்குமானால், களை விதைகளும் நோய்க் கிருமிகளிற் பெரும்பாலானவையும் மடியும். வெளிப்புறம் உள்ளே போகும்படி புரட்டுவது இதற்காகவே. சமவெளியில் மூன்று மாதத்தில் மக்குவது மலைக் குளிரில் ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம். பைன் ஊசியிலை மக்க வெகுகாலம் ஆகும். அதைக் குறைத்து ஓக் சருகை மிகுத்துக் கொள்வது நலம்.

எரு பக்குவமடைந்ததா என்பதை அறிவது எளிது. கையில் அள்ளினால் சூடோ நாற்றமோ இராது. மழை பெய்த காட்டு மண்ணின் வாசனை வீசும். சந்தேகமிருப்பின் அவ்வெருவும் மண்ணும் சரிபாதி கலந்த சட்டியில் முள்ளங்கி விதை இட்டுப் பார்க்கவேண்டும். முளை கருகினால் எரு இன்னும் காத்திருக்கட்டும்.

10 அடிக்கு 10 அடி பாத்திக்கு மக்கிய எரு 40 கிலோ, எலும்புத் தூள் 1 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ ஆகியவற்றை விதைப்பதற்குச் சில வாரம் முன்னதாகவே மேல் மண்ணில் கலந்துவிடலாம். மண்புழு எரு கிடைத்தால் தொழு எருவில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதை இடலாம். ஒட்டுப் பிடித்துத் துளிர்த்த பின், ஊறவைத்த புண்ணாக்கு நீரைத் தெளிய விட்டு, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவது வளர்ச்சிக்கு உதவும். ஆனால் ஆகஸ்ட் பிறந்ததும் அதை நிறுத்திவிடவேண்டும். விற்பனைக்கு உயரம் காட்டும் ஆசையால் செப்டம்பரிலும் உரமூட்டுவோர் உண்டு. அப்படி எழுந்த இளங்கொம்பு முற்றாமலே உறைபனியில் அகப்பட்டு நுனி கருகும். உயரமும் போயிற்று, உரமும் போயிற்று.

தனித்தனி வீட்டில் இரண்டு மாட்டுச் சாணம் சூடேறுமளவு குவியலாகாது. சங்கத்தின் பெயரால் நாற்றங்கால் நடக்கும் இடத்தில், அங்கத்தினர்களிடம் சாணத்தையும் சருகையும் கூடைக் கணக்கில் வரவு வைத்து ஒரே இடத்தில் மக்கச் செய்யலாம். அதற்குரிய கிரயத்தைக் கன்று விலையில் கழித்துக் கொடுப்பது வசதி. கன்று பிடுங்கிய பாத்தியில் உடனே ஆப்பிள் விதை இடலாகாது. பழைய வேர்களைப் பொறுக்கி எரித்து, இரண்டு வருஷமாவது பட்டாணி போன்ற பயிர் ஏற்றிய பின்னரே அப்பாத்தி திரும்ப நாற்றுக்கு உதவும்.