யாங்கூனிலிருந்து ஊர்க் கணக்கு

கேள்வி: வேலைக்காக யாங்கூன் வந்துவிட்டேன். மதுரையில் உள்ள என் சேமிப்புக் கணக்கையும் கிரெடிட் கார்டையும் அப்படியே வைத்திருக்கலாமா?

பதில்: சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. '182 நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாள் கணக்கு வருமான வரிக்கானது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியதுமே நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர்தான். வங்கிக்கு எழுதி, கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றச் சொல்லுங்கள். வீட்டு வாடகை, பழைய வைப்புத்தொகை வட்டி எல்லாம் அதில் சேரட்டும். அந்த வட்டிக்கு 30 சதவீதமும் கூடுதல் வரியும் பிடிப்பார்கள். இங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாகத் திறங்கள். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, பணத்தையும் தடையின்றித் திரும்ப எடுக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் சிம் கார்டைப் பற்றித்தான். ஓ.டி.பி. வராவிட்டால் எந்தக் கணக்கும் கைக்கு எட்டாது. ரீசார்ஜ் செய்யாத எண் வேறொருவர் கைக்குப் போய்விடும். கிளம்பும் முன் ரோமிங்கைப் போட்டிருக்காவிட்டால், இன்றே போடுங்கள். கிரெடிட் கார்டு பாக்கியைக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்க வங்கியிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருடம் நீங்களாக வரவு செலவு செய்யாத கணக்கு முடங்கிவிடும். சிறு தொகையாவது எடுத்துப் போடுங்கள். வாரிசு நியமனத்தையும் சரிபாருங்கள். இங்கே முன்பு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள்: 1963இல் அன்றைய பர்மாவில் வங்கிகள் தேசியமயமாயின. மறு ஆண்டே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. நம்மவர் பலர் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். அதனால்தான் ஊர்க் கணக்கைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.