சேவைக்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு

நம்பிக்கை: சேவை என்றால் லாபம் கூடாது. வட்டி வாங்குகிற மகளிர் குழுவும் படி வாங்குகிற அதன் தலைவியும் செய்வது வியாபாரம்.

உண்மை: மதுரை கே.கே. நகரில் மகளிர் குழுக்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் இந்தப் பல்லவியைத் தொடங்கிவிடுகிறார். மாடி வீட்டில் வாடகை வாங்குகிறவரும் சொல்கிறார், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவரும் சொல்கிறார். "ஏழைப் பெண்களுக்கு உதவுறோம்னு சொல்லிட்டு ரெண்டு வட்டி வாங்குறாங்களே, அது எப்படிச் சேவை ஆகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பதினைந்து பேர் கொண்ட ஒரு குழுவில் ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமித்தால் மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 சேரும். அதிலிருந்து ஒருவர் 10,000 ரூபாய் எடுத்து, மாதம் ஆயிரம் வீதம் அசலைக் கட்டி வந்தால், குறையும் அசலுக்கு இரண்டு வட்டி என்ற கணக்கில் பத்து மாதத்தில் அவர் தரும் வட்டி மொத்தம் 1,100 ரூபாய். அந்த 1,100 ரூபாயும் குழுவின் பொது நிதிக்கே திரும்புகிறது, அதில் கட்டியவருக்கும் பங்கு உண்டு. அதே பத்தாயிரத்தைக் கந்து வட்டிக்காரரிடம் பத்து வட்டிக்கு வாங்கினால், பத்து மாதத்தில் வட்டி மட்டும் 10,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். தமிழ்நாட்டில் 2003லேயே கந்து வட்டியைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவசரத்துக்குப் பணம் கிடைக்கும் இடம் வேறு இல்லாதவரைச் சட்டம் மட்டும் காப்பாற்றாது. குழு வாங்கும் வட்டிதான் அந்த வேறு இடத்தை உயிரோடு வைத்திருக்கிறது. வட்டியே வேண்டாம் என்று விட்டால் குழுவின் பணம் வளராது. அடுத்த உறுப்பினருக்கு மருத்துவச் செலவு வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

இது குழுக்களுக்கு மட்டும் பொருந்தும் கணக்கும் இல்லை. பக்கத்து அண்ணா நகரில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. 1976ல் 11 படுக்கைகளோடு டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கியது. பணம் கட்ட முடிந்தவர் தரும் கட்டணத்தில் மிஞ்சுவதைக் கொண்டுதான் அங்கே கட்ட முடியாதவருக்கும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. 1992ல் தொடங்கிய அதன் ஆரோலேப், வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கே கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைச் செய்து கொடுத்தது. இத்தனைக்கும் முதுகெலும்பாக நிற்பவர்கள், சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்றுச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள். இந்த மருத்துவமனையைப் பார்த்து "வரவு செலவு பார்க்கிறார்களே, இது சேவையா?" என்று மதுரையில் எவரும் கேட்பதில்லை. 1959ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், நன்கொடை வாங்குவதில்லை என்பதையே கொள்கையாக வைத்து வளர்ந்தது. அகமதாபாத்தில் 1974ல் சேவா வங்கி தொடங்கியபோது, நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டார்கள். நன்கொடை நின்றால் நின்றுவிடும் சேவையைவிட, தன் வருமானத்தில் தானே நடக்கும் சேவை ஏழைக்கு நம்பகமானது என்பதைத்தான் இவர்கள் காட்டினார்கள்.

"அப்படியானால் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தவணை கேட்கும் நிதி நிறுவனங்களும் சேவைதானா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆந்திராவில் 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. வசூல் கெடுபிடியும் தற்கொலைகளும் பெரும் புகாராகி, அக்டோபரிலேயே மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. அங்கே நடந்த தவறு லாபம் ஈட்டியதில் இல்லை, அந்த லாபம் கடன் வாங்கிய பெண்களிடம் திரும்பாமல் பங்குதாரரிடம் போனதிலும், எவ்வளவு கடன் தாங்கும் என்று அந்தப் பெண்களைக் கேட்காததிலும் இருக்கிறது. மகளிர் குழு தரும் கடன், நிதி நிறுவனம் தரும் கடன் இரண்டையுமே நம் தெருவில் குழுக்கடன் என்றுதான் சொல்கிறோம். அதனால்தான் ஒன்றின் பாவம் மற்றொன்றின் தலையில் விழுகிறது. ஒரு குழுவை எடைபோட வேண்டுமானால் லாபம் உண்டா என்று கேட்காதீர்கள். அது யாருக்குப் போகிறது, வட்டி விகிதத்தை யார் முடிவு செய்கிறார்கள், கணக்குப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்து, தலைவி வாங்கும் படி. இதில்தான் பொறுமை போகிறது. கடன் திட்டத்தைக் கவனிக்கும் வங்கி மேலாளருக்குச் சம்பளம் உண்டு, மேற்பார்க்கும் அதிகாரிக்கும் உண்டு, அவர் காருக்கு டீசலும் உண்டு. கூலி வேலையை விட்டுவிட்டு வங்கி வாசலில் அரை நாள் நிற்கிற, தன் கைக்காசில் ஜெராக்ஸ் எடுக்கிற, தவணை கட்டாத வீட்டுக்கு நாலு முறை நடக்கிற பெண்ணுக்கு மட்டும் "சேவைதானே, சும்மா செய்யேன்" என்கிறோம். வீட்டில் ஊதியமில்லாத வேலைக்குப் பழக்கிய வழக்கத்தைத் தெருவுக்கும் நீட்டிவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். பணத்தைக் கையாடிய தலைவிகள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கூட்டத்தில் தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதித் தரும் படியை எல்லோரும் பார்க்கலாம், அதிகம் என்றால் குறைக்கலாம். சும்மா உழைக்க வைத்து, சாவியையும் நோட்டையும் ஒரே கையில் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பதுதான் திருட்டுக்கு வழி.

நம்பிக்கை: படிக்காதவருக்கு நிர்வாகம் வராது.

உண்மை: மதுரை அருகே பில்லுச்சேரி சின்னப்பிள்ளையை டெல்லி மேடையில் பிரதமர் வாஜ்பாய் காலில் விழுந்து வணங்கியது 2001ல். அந்தப் படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது, அவர் செய்த வேலை எத்தனை பேருக்குத் தெரியும்? எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலியான அவர், களஞ்சியம் என்ற மகளிர் குழு இயக்கத்துக்கு வருமுன்பே கூலி ஆட்களைத் திரட்டி வேலைக்கு அழைத்துப் போய், நிலக்காரரிடம் கூலி பேசியவர். ஆள் திரட்டுவது, பேரம் பேசுவது, பிசகில்லாமல் பங்கிடுவது ஆகிய மூன்றையும் வணிகப் பள்ளியில் நிர்வாகம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். 2019ல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது.

நம்பிக்கை: குழுக்கடனை எப்படியும் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.

உண்மை: 2021ல் தமிழக அரசு தள்ளுபடி அறிவித்தது கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கியிருந்த கடனுக்கு. மற்ற வங்கிக் கடனுக்கும், குழு தன் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் உள்கடனுக்கும் அது பொருந்தவில்லை. உள்கடனைக் கட்டாமல் விட்டால் ஏமாறுவது அரசாங்கம் அல்ல, பக்கத்து வீட்டு அக்கா.

நம்பிக்கை: குழு என்றால் ஊறுகாயும் அப்பளமும்தான்.

உண்மை: 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது இதே மதுரையில். ஊர்ப்புறப் பள்ளிகளில் விடியுமுன் அடுப்பு மூட்டி, அளவும் நேரமும் தவறாமல் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள் மகளிர் குழுப் பெண்கள். அதைச் செய்ய முடிந்தவர்களுக்கு எதைச் செய்ய முடியாது?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நல்ல குழுவுக்குப் பஞ்ச சூத்திரம் என்று ஐந்து விதிகள் சொல்வார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை தவறாமல் கடனைத் திருப்பிக் கட்டுதல், சரியான கணக்கு. முதல் நான்குக்கும் பயிற்சி முகாம், பதாகை, பொன்னாடை எல்லாம் உண்டு. ஐந்தாவதை மட்டும் பத்தாவது படிக்கும் யாரோ ஒருவர் பிள்ளையின் தலையில் கட்டிவிடுகிறோம். பதினைந்து பேர் ஆளுக்கு மாதம் இருபது ரூபாய் போட்டால் 300 ரூபாய். ஒரே பகுதியில் பத்துக் குழுக்கள் சேர்ந்தால் மாதம் 3,000. பி.காம் முடித்து வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது பகுதிநேர வேலை, பத்துக் குழுக்களுக்கும் அது காவல். மகளிர் தினத்துக்குப் பேச்சாளர் தேடுகிற குடியிருப்போர் சங்கங்கள் இந்த ஆண்டு அந்தச் செலவை மிச்சம் பிடித்து, பக்கத்துக் குழுக்களின் கணக்காளருக்கு முதல் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்கட்டும். சேவைக்குக் காசு கூடாது என்பவர்கள், தாங்கள் சும்மா வந்து அந்தக் கணக்கை எழுதித் தரத் தயாரா என்று முதலில் சொல்லட்டும்.