'அப் டு' என்றால் எவ்வளவு?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் விளம்பரம், உத்தரவாத அட்டை, திரையில் வரும் செய்தி என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியுள்ளது. இவற்றில் முழுமையைச் சொல்லாமல் ஓரளவை மட்டும் சொல்லும் சொற்றொடர்கள் அடிக்கடி வரும். பொருள் புரியாவிட்டால் பணமும் வீணாகலாம், பைல்களும் போகலாம். சிலவற்றைப் பார்ப்போம்.

1. அப் டு: 'அதிகபட்சம்' என்று பொருள். இன்டர்நெட் விளம்பரத்தில் 'அப் டு 100 எம்.பி.பி.எஸ்.' என்றிருந்தால் வேகம் 100 வரை போகலாம் என்பதே பொருள். எப்போதும் 100 கிடைக்கும் என்பதல்ல. இது மெகாபிட் கணக்கு என்பதையும் கவனிக்கவும். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். எனவே முழு வேகம் கிடைத்தாலும் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் டவுன்லோட் ஆகும். குறைந்தபட்சத்தைச் சொல்ல 'அட் லீஸ்ட்' என்பார்கள்.

2. டு சம் எக்ஸ்டென்ட்: ஓரளவுக்கு. 'டு எ கிரேட் எக்ஸ்டென்ட்' என்றால் பெருமளவுக்கு. 'டு எ லிமிடெட் எக்ஸ்டென்ட்' என்றால் கொஞ்சம்தான்.

3. அப் டு எ பாயின்ட்: ஓர் எல்லை வரை சரி, அதற்கு மேல் இல்லை. 'மோர் ராம் ஹெல்ப்ஸ் அப் டு எ பாயின்ட்' என்றால், ராம் மெமரியைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் தேவைக்கு மேல் கூட்டிப் பயனில்லை என்று பொருள். நாசூக்காக மறுக்கவும் இது உதவும். ஈவ்லின் வா எழுதிய 'ஸ்கூப்' (1938) நாவலில், பத்திரிகை முதலாளி தவறாக ஏதாவது சொன்னால், 'இல்லை' என்று சொல்ல முடியாத ஊழியர் இந்தத் தொடரைத்தான் சொல்வார்.

4. இன் ஹோல் ஆர் இன் பார்ட்: முழுமையாகவோ பகுதியாகவோ. சாப்ட்வேர் லைசென்ஸில் இதைச் சொல்லி காப்பி செய்யத் தடை விதித்திருந்தால், ஒரு பகுதியை மட்டும் காப்பி செய்வதும் தவறுதான்.

5. மோர் ஆர் லெஸ்: ஏறத்தாழ. 'பேக்கப் இஸ் மோர் ஆர் லெஸ் கம்ப்ளீட்' என்று சர்வீஸ் செய்பவர் சொன்னால், பேக்கப் முடிந்துவிட்டது என்று எண்ணி ஹார்ட் டிஸ்க்கை பார்மட் செய்ய விடாதீர்கள். எந்த போல்டர் இன்னும் காப்பி ஆகவில்லை என்று முதலில் கேளுங்கள். விடுபட்டது உங்கள் குடும்பப் படங்களாகவும் இருக்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டரின் உத்தரவாத அட்டையை இன்றே எடுத்து, இத்தொடர்கள் வரும் இடங்களில் அடிக்கோடிட்டுப் படித்துப் பாருங்கள். எதற்கு உத்தரவாதம் உண்டு, எதற்கு இல்லை என்பது தெரிந்துவிடும்.