கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மையும் சுண்ணாம்புப் படிவும்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் ஹீட்டரின் மீதும் பம்பின் சுழலியைச் சுற்றியும் இறுகும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. பவளங்கள் தம் கூட்டைக் கட்டிக்கொள்ள எடுக்கும் அதே பொருள் அங்கே வீணாகிறது என்பதால், அது சேரும் வேகத்தை நீரின் நிலை பற்றிய சான்றாகக் கொள்வது பழகிய வளர்ப்போரின் வழக்கம். கடல்நீர் இயல்பாகவே இப்பொருளை மிகைச்செறிவில், அதாவது நிலையாகக் கரைத்து வைத்திருக்க இயலும் அளவை விஞ்சித் தாங்கி நிற்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் உள்ள மெக்னீசியம், வளரத் தொடங்கும் படிகங்களின் மேற்பரப்பில் புகுந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பதே இதற்கு முதன்மையான காரணம். சூடேறும்போது சர்க்கரை மேலும் கரைவதற்கு மாறாகக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைவதால், படிவு முதலில் ஹீட்டரில் தோன்றுகிறது.

எந்த மருந்தை ஊற்றுவதற்கு முன்பும் உப்புச்செறிவை அளந்தாக வேண்டும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீரில் கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருக்கும். உப்பு 30 பங்காகக் குறைந்துவிட்டால், வேறெந்தக் கோளாறும் இல்லாமலேயே அது 360 ஆகக் காட்டும். இதைக் கால்சியம் பற்றாக்குறை என்று எண்ணிக் கால்சியம் குளோரைடு சேர்ப்போர், பின்னர் உப்பைச் சரிசெய்யும்போது மிகையில் போய் நிற்கின்றனர். செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நீரைவிட 35 பங்கு உப்புள்ள அளவீட்டுத் திரவத்தால் சரிபார்ப்பது நம்பகமானது. ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உப்பில்லாத ஆர்.ஓ. நீரே ஏற்றது, உப்பு ஆவியாவதில்லை, தொட்டியிலேயே தங்குகிறது. உப்பைக் கலக்கும்போதும், நிறைந்த நீரில் உப்பைச் சிறிது சிறிதாக இடவேண்டும். உப்பின் மேல் நீரை ஊற்றினால் தொடக்கத்தில் உருவாகும் அடர்கரைசலிலேயே சுண்ணாம்பு பிரிந்து வாளியின் அடியில் தங்கிவிடக்கூடும்.

அடுத்தது காரத்தன்மை. சேர்க்கப்படும் அமிலத்தை நடுநிலையாக்கும் நீரின் ஆற்றலே இது. கடல்நீரில் பெரும்பாலும் பைகார்பனேட்டால் அமைவது. சோதனைக் கிட்டுகளில் டி.கே.ஹெச். என்ற அலகில் குறிக்கப்படுவது. பவளமும் சுண்ணாம்புப் பாசியும் கூடு கட்டும்போது, கால்சியம் 20 மில்லிகிராம் குறைந்தால் காரத்தன்மை ஏறத்தாழ 2.8 டி.கே.ஹெச். குறைகிறது. 420 இலிருந்து 400க்கு இறங்கும் கால்சியத்தின் இழப்பு நூற்றுக்கு ஐந்தைக்கூட எட்டாது. அதே வேளையில் 8 ஆக இருந்த காரத்தன்மை 5.2க்குச் சரிந்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருக்கும். ஆகவே கால்சியத்தை அவ்வப்போது பார்த்தால் போதும். காரத்தன்மையையே அடிக்கடி சோதிக்க வேண்டும். 7 முதல் 9 வரை எந்த எண்ணைத் தேர்ந்தாலும் தீங்கில்லை, அது நாளுக்கு நாள் ஊசலாடுவதுதான் பவளத்தை வாட்டுகிறது என்பது வளர்ப்போர் பலரின் பட்டறிவு. உயர்ந்த எண்ணைத் துரத்துவதைவிட மாறாத எண்ணைக் காப்பதே மேலானது.

இழப்பை ஈடுசெய்யச் சுண்ணாம்புத் தெளிநீர் சிறந்த வழி. கால்சியத்தையும் காரத்தன்மையையும் அது உரிய விகிதத்தில் ஒருங்கே தருகிறது. லிட்டருக்கு 2 கிராமுக்கும் குறைவாகவே கரையும் கால்சியம் ஹைட்ராக்சைடின் இந்நீருக்கு பி.ஹெச். 12க்கு மேல் இருப்பதால், தெளிந்த பகுதியை மட்டும், ஒளி அணைந்து தொட்டியின் பி.ஹெச். தாழும் இரவில், சொட்டுச்சொட்டாக விடுவது பாதுகாப்பானது. வெற்றிலைக்கோ வெள்ளையடிப்பதற்கோ விற்கும் சுண்ணாம்பின் தூய்மை தெரியாதாகையால் அதைத் தவிர்க்க வேண்டும். கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனிக் கரைசல்களாகச் சேர்ப்போர், இரண்டையும் வெவ்வேறு நேரத்தில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் விட வேண்டும். அருகருகே விழுந்தால் அவை அங்கேயே வினைபுரிந்து நீர் பால்போல் வெளுக்கும். அவ்வாறு வெளுத்தபின் அளவுகள் தாழ்ந்திருப்பதைக் கண்டு உடனே மேலும் மருந்து சேர்ப்பது, புதிதாய் உருவான துகள்களுக்கு இரையிடுவதே ஆகும். சேர்ப்பதை நிறுத்தி, துகள்கள் அடங்கியபின் மெக்னீசியத்தையும் சேர்த்து அளப்பதே சரியான முறை.

ஏற்கெனவே இறுகிய படிவுக்கு வெள்ளை வினிகர் போதும். ஹீட்டரின் மின்னிணைப்பைத் துண்டித்து, கண்ணாடி விரிசல் விடாதிருக்க நீருக்குள்ளேயே ஆறவிட்டு, பின்னர் எடுத்து, சம அளவு நீர் கலந்த வினிகரில் நுரை அடங்கும்வரை ஊறவைத்து, நன்கு அலசி மாட்டலாம். பம்பின் சுழலியையும் இவ்வாறே கழற்றி ஊறவைக்கலாம்.