டிராக்டர் சக்கரத்தில் தண்ணீர் ஏன்?

எட்டாம் வகுப்பில் உராய்வுப் பாடம் வரும்போது ஆண்டுதோறும் ஒரே சோதனையைத்தான் செய்து காட்டுவேன். ரப்பர் செருப்பு ஒன்றை வில் தராசில் மாட்டி மேசைமேல் இழுப்பது. பிறகு அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து இழுப்பது. முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவராக வந்து பார்ப்பார்கள். எடை கூடினால் உராய்வு கூடும் என்று கரும்பலகையில் எழுதுவேன். அத்துடன் அன்றைய வகுப்பு முடியும்.

சென்ற ஆண்டு, “இதுக்கு நம்ம ஊர்ல ஒரு உதாரணம் சொல்லுங்க” என்று கேட்டேன். கடைசி வரிசை மாணவன் எழுந்தான். “டிராக்டர் சார். உழும்போது சக்கரம் வழுக்குச்சுன்னா அப்பா என்னை மட்கார்டு மேல ஏத்தி உக்கார வைப்பாரு. பாரம் கூடுனா இழுத்துரும்.”

வகுப்பே ஆமாம் என்று தலையாட்டியது. இயற்பியல்படி அவன் சொன்னது முழுக்கச் சரி. பின்சக்கரம் மண்ணை அழுத்தும் விசை கூடினால் பிடிப்பு கூடும். நான் நடத்திய பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்த நூலிலும் இல்லை. ஆனால் ஓடும் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்திருக்கும் பையன் ஒரு குலுக்கலில் சறுக்கினால் விழும் இடம் பின்சக்கரத்துக்கும் கலப்பைக்கும் நடுவில். “சரியான விடை, உட்கார்” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அந்தப் பாரத்தை ஆள் இல்லாம வேற எப்படிக் கொடுக்கலாம்?” என்று திருப்பிக் கேட்டேன். அந்தக் கேள்வி அடுத்த மூன்று வாரங்களை எடுத்துக்கொண்டது.

“கலப்பை மேல கல்லு வைக்கலாம் சார்” என்றாள் ஒரு மாணவி. பென்சிலை அச்சாக வைத்து அதன்மேல் அடிக்கோலை நிறுத்திப் பார்த்தோம். பென்சில்தான் பின் அச்சு. அதற்குப் பின்னால் பாரம் ஏற ஏற, முன்பக்கம் எழும்பியது. முன்சக்கரம் லேசானால் ஸ்டியரிங் பிடிக்குக் கட்டுப்படாது. மேட்டில் ஏறும்போது வண்டி பின்னுக்கு மல்லாந்தும் போகலாம். முன்புறத்தில் இரும்பு எடைகளை மாட்டுவது இதைத் தடுக்கத்தான். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் எடுப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பாடவேளை முழுக்க நிற்கலாம். நான் நிற்கவில்லை.

விடை அந்தப் பையனின் அப்பாவிடமே இருந்தது. டயருக்குள் தண்ணீர் அடைக்கலாம் என்று மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தாராம். “காத்து இருக்க வேண்டிய இடத்துல தண்ணி எதுக்குன்னு விட்டுட்டேன் சார்” என்றார். இதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பாரம் அச்சின்மீதோ பேரிங்மீதோ ஏறுவதில்லை என்பது. நீர் சக்கரத்துக்குள்ளேயே அடியில் கிடந்து நேராக நிலத்தை அழுத்துகிறது. அதனால் வண்டியின் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. குளிர் நாடுகளில் நீர் உறைந்துவிடாதிருக்க கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றுவார்கள். நமக்கு வெறும் தண்ணீரே போதும்.

எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணை எழுதிவரச் சொன்னேன்: 8.3-20. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். எங்கள் கணித ஆசிரியை, டியூபை ஓரிடத்தில் வெட்டி நீட்டினால் நீண்ட உருளைதானே என்று கேட்டு, கணக்கை எளிதாக்கிவிட்டார். சக்கர மையத்திலிருந்து டியூபின் நடுக்கோடு வரை சுமார் 35 செ.மீ. எனவே உருளையின் நீளம் 220 செ.மீ. டியூபின் உள்விட்டத்தைத் தோராயமாக 19 செ.மீ. என எடுத்தோம். கன அளவு ஏறத்தாழ 62 லிட்டர் வந்தது. அதில் முக்கால் பங்கு 46 லிட்டர், அதாவது 46 கிலோ. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 90 கிலோவுக்கு மேல். பையனின் எடை 32 கிலோ. “என்ன மாதிரி மூணு பேரு உக்காந்த கணக்கு சார்” என்றான்.

முக்கால் பங்குக்கு மேல் ஏன் கூடாது என்பது தனிக் கேள்வி. நீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். மேலே காற்று இல்லையென்றால் கல்லில் ஏறும்போது டயர் நெகிழ்ந்து கொடுக்காது. ஊசி போடாத சிரிஞ்சில் ஒருமுறை காற்றையும் ஒருமுறை நீரையும் நிரப்பி, முனையை விரலால் அடைத்து அழுத்தச் சொன்னேன். விளக்கம் தேவைப்படவில்லை. முக்கால் பங்கை அளக்கவும் வழி இருக்கிறது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் இருக்குமாறு திருப்பி, வால்வு மட்டம் வரை ஊற்றினால் ஏறத்தாழ அந்த அளவுதான். அதன்பின் காற்றை ஏற்ற வேண்டும். எந்த அளவு என்பதற்கு வண்டியுடன் வரும் கையேடுதான் முடிவு. எங்கள் உருளைக் கணக்கு வகுப்புக்கு மட்டும். தண்ணீரை அடைத்துக் கொடுத்த பஞ்சர் கடைக்காரர், இனிப் பஞ்சரானால் தன் முதுகுதான் உடையும் என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

பலன் உண்டா என்று அளக்க வேண்டுமே. தலைமையாசிரியரின் அனுமதியோடும் பெற்றோர் சம்மதத்தோடும் ஒரு சனிக்கிழமை காலை வயலுக்குப் போனோம். மாணவர்கள் அனைவரும் வரப்பில். வண்டி நின்ற பிறகே டேப்புடன் இறங்கலாம் என்பது கட்டளை. தண்ணீர் அடைப்பதற்கு முன்பு முதல் அளவீடு. பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் பத்துச் சுற்றுக்கு வண்டி போன தூரத்தை அளந்தோம்: 28.4 மீட்டர். ஐந்து கொழுக் கலப்பையை இறக்கி உழுதபோது அதே பத்துச் சுற்றுக்கு 22.2 மீட்டர்தான் போனது. குறைந்த தூரம் 6.2 மீட்டர். வழுக்கல் ஏறத்தாழ 22 விழுக்காடு. அத்தனை டீசலும் மண்ணைச் சுரண்டத்தான் போயிருக்கிறது. இரு வாரம் கழித்து, தண்ணீர் அடைத்த சக்கரத்தோடு மறுபடி இரண்டையும் அளந்தோம்: 28.2, 24.6. வழுக்கல் 13 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. மட்கார்டில் யாரும் இல்லை.

“அப்ப இன்னும் ஊத்தலாமே சார்?” என்று ஒருவன் கேட்டதும், “பாரம் கூடுனா வண்டிக்கே இழுக்கக் கஷ்டம்தானே?” என்று இன்னொருவன் மறித்தான். இருவரையும் பேசவிட்டேன். எடை மிகுந்தால் சக்கரம் மண்ணில் ஆழமாகப் பதியும், உருள்வதற்கே கூடுதல் விசை செலவாகும், மண்ணும் இறுகிப்போகும். வழுக்கலே இல்லாமல் செய்வதும் நல்லதல்ல. உழவில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது ஏற்ற அளவு. தொளி உழவுக்கு இந்தப் பாரம் எதிரி. சேற்றில் வண்டி புதைந்துவிடும். அங்கே கேஜ் வீல்தான் சரி. நடவு வேலைக்கு முன் வால்வைக் கீழே கொண்டுவந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பதை அந்தப் பையன்தான் வீட்டில் நினைவூட்டினானாம்.

இந்த ஆண்டு அதே பாடத்தைத் தொடங்கும் முன், “விடுமுறையில பாரத்துக்கு மட்கார்டுல உக்கார்றவங்க யாரு?” என்று கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன. நான்கு வண்டிகளின் டயர் எண்களையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.