வானிலை மாதிரிகளின் அமைப்புக் கோப்புகள்: வடிவ மாற்றமும் பொருட்காப்பும்

சாணக்யபுரியின் அகன்ற வீதிகளில் குளிர்காலப் புகைமூட்டம் கவியுமுன்னரே, அதன் கடுமையைக் கணிக்கும் பணி தொடங்கிவிடுகிறது. தில்லிக்கான காற்றுத்தர முன்னெச்சரிக்கை ஏற்பாடு 2018 அக்டோபரில் தொடங்கப்பட்டது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய இவ்வேற்பாட்டில், டபிள்யூ.ஆர்.எஃப்-கெம் என்னும் கணிப்பொறி மாதிரி தலைநகரை 400 மீட்டர் கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடுகிறது. அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆறேகால் கட்டங்கள். கட்டுமானத் தடை போன்ற நடவடிக்கைகளை முன்னறிவிப்பின் அடிப்படையில் முன்கூட்டியே எடுக்கும் முறை 2022-இல் வகுக்கப்பட்டது. எனவே இக்கணக்கு பிழைபட்டால் கூலித் தொழிலாளியின் நாட்சம்பளமும் பாதிக்கப்படும்.

இம்மாதிரி ஃபோர்ட்ரான் மொழியில் அமைந்தது. எந்த நாள், எத்தனை கட்டங்கள், எவ்வகை இயற்பியல் என்பனவற்றை அதற்கு அறிவிப்பது 'பெயர்ப்பட்டியல்' எனப்படும் எளிய எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு பகுதியும் '&' குறியுடன் தொடங்கி '/' குறியுடன் முடிவுறும். ஃபோர்ட்ரான் 90 தரத்தில் இடம்பெற்ற இவ்வடிவத்தைப் பிற மொழி நிரல்கள் நேரடியாகப் படிப்பதில்லை. பல நூறு ஓட்டங்களின் அமைப்புகளை ஒப்பிட்டுத் தேடவும் தரவுத்தளத்தில் சேர்க்கவும் ஜேசான், யாமல் ஆகிய வடிவங்களே வசதியானவை.

மாற்றுவது எழுத்துப்பெயர்ப்பு போன்ற எளிய வேலையாகத் தோன்றும். உண்மையில் அது மொழிபெயர்ப்பு. '5*0' என்பது பெருக்கலன்று. ஐந்து சுழிகள் என்று பொருள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஃபோர்ட்ரானுக்கு ஒன்றே, ஜேசானுக்கு வெவ்வேறு. இரு காற்புள்ளிகளுக்கு இடையே ஒன்றும் எழுதாது விட்டால், நிரலில் ஏற்கெனவே உள்ள மதிப்பே நிலைக்கும். அவ்வெற்றிடத்தைச் சுழியாக எழுதிவிட்டால் கேடு விளையும். மேக நுண்ணியற்பியலைக் குறிக்கும் இடத்தில் 1 என்பது கெஸ்லர் முறை, 8 என்பது தாம்ப்சன் முறை. 0 என்றாலோ அப்பகுதியே இயங்காது.

காற்புள்ளியிட்ட மூன்று எண்களில் முதலாவது வெளிப்பரப்புக்கும் மூன்றாவது உட்பரப்புக்கும் உரியது என்பதும் கோப்பில் எழுதப்பட்டிராது. பழகியவர் மட்டுமே அறிவார். புதிய வடிவில் ஒவ்வொரு பரப்பையும் பெயரிட்டுத் தனியே எழுதலாம். மாற்றத்தின் மெய்யான ஆதாயம் இதுவே எனலாம்.

இழப்பும் உண்டு. பெயர்ப்பட்டியலில் '!' குறிக்குப் பின் எழுதப்படும் விளக்கங்களுக்கு ஜேசானில் இடமில்லை. யாமலில் இடமிருந்தும், மதிப்புகளை மட்டும் படிக்கும் கருவிகள் அவற்றை விட்டுவிடுகின்றன. இன்ன எண் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று முன்னாள் அலுவலர் எழுதிய ஒற்றை வரி, அவர் மாற்றலாகிப் போன பின் வேறெங்கும் கிடைக்காது. (அரசு அலுவலகங்களில் மாற்றல் உத்தரவு, விளக்கக் குறிப்பைவிட விரைவாக வந்து சேரும்.) ஆகவே ஒவ்வொரு மதிப்புடனும் 'காரணம்' என்றொரு புலத்தைச் சேர்த்து, பழைய விளக்கங்களைக் கையால் பெயர்த்தெழுதுவதே தக்கது.

மாதிரி இன்றும் பெயர்ப்பட்டியலையே படிப்பதால், புதிய கோப்பை மூலமாகக் கொண்டு அதிலிருந்து பழைய வடிவை ஆக்கித் தருதல் வேண்டும். அவ்வாறு ஆக்கிய கோப்பையும் தொடக்கக் கோப்பையும் கொண்டு, ஒரே கணிப்பொறியில் ஒரே நாளுக்குரிய குறுகிய ஓட்டங்கள் இரண்டை நடத்தி, விடைகளைக் கடைசி இலக்கம்வரை ஒப்பிடல் வேண்டும். ஓரிலக்கம் வேறுபட்டாலும் காரணம் தெரியும்வரை பழைய கோப்பே பணியில் இருக்கட்டும்.